முதல் இன்னிங்ஸில் ரன் வருமா, வராதா? பேஸ்பால் நெர்ஃபி, யெர்ஃபி பந்தயத்துக்கு முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 29, லாஸ் ஏஞ்சல்ஸ். அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டம். டாட்ஜர்ஸ் அணிக்குப் பந்து வீச வந்தவர் பிளேக் ஸ்னெல். சிறந்த பிட்சருக்கான (பந்து வீசுபவருக்கான) சை யங் விருதை இரண்டு முறை வாங்கியவர். அவர் போட்ட முதல் பந்தையே டொரன்டோ ப்ளூ ஜேஸின் டேவிஸ் ஷ்னைடர் வேலிக்கு வெளியே அனுப்பினார். அடுத்து வந்த விளாடிமிர் குரேரோ ஜூனியர், ஆட்டத்தின் மூன்றாவது பந்தில் இன்னொரு ஹோம் ரன் அடித்தார். மூன்று பந்து, இரண்டு ரன். முதல் இன்னிங்ஸில் ரன் வராது என்று பணம் கட்டியிருந்தவர்களுக்கு முதல் பந்திலேயே கதை முடிந்தது.

அவர்கள் கட்டியது தவறு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சரியான விலைக்குக் கட்டியிருந்தால், தோற்றாலும் அது நல்ல பந்தயம். மோசமான விலைக்குக் கட்டியிருந்தால், ஜெயித்திருந்தாலும் அது மோசமான பந்தயம். இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் இந்தப் பந்தயத்தின் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதி, அந்த 'சரியான விலை' எது என்று கணக்குப் போடுவது. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில், பந்தயம் என்ன?

பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் முதலில் வெளியூர் அணி ஆடும், பிறகு உள்ளூர் அணி. பந்தை அடிக்க வருபவர் பேட்டர்; அவர் நான்கு பேஸையும் (ஓடி நிற்கும் இடங்கள்) சுற்றி வந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் பாதி முடிந்தது. முதல் இன்னிங்ஸின் இரண்டு பாதியிலும் ஒரு ரன்கூட வராது என்று கட்டுவது நெர்ஃபி. இரண்டில் ஏதாவது ஒரு பாதியில் ஒரு ரன்னாவது வரும் என்று கட்டுவது யெர்ஃபி. ஒரு ரன் வந்தாலும் ஆறு ரன் வந்தாலும் ஒன்றுதான். யார் ஜெயிக்கிறார்கள் என்பது இங்கே பொருட்டில்லை.

பெரும்பாலும் பதினைந்து, இருபது நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். இதன் கவர்ச்சியும் அதுதான், ஆபத்தும் அதுதான். அமெரிக்க மேஜர் லீக்கில் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டம். மொத்தம் 2,430 ஆட்டங்கள். சில நாளில் 15 ஆட்டம் நடக்கும். தினமும் அத்தனை முறை ஆசை காட்டும் பந்தயம் இது.

கட்டுவதற்கு முன்: உங்கள் ஊரில் இது சட்டமா?

அமெரிக்காவில் 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் பழைய தடைச் சட்டத்தை ரத்து செய்த பிறகு, மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறுகிறது. நியூ ஜெர்சியில் கட்டலாம். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் விளையாட்டுப் பந்தயம் இன்னும் சட்டபூர்வம் ஆகவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 2022 ஏப்ரல் 4 முதல் உரிமம் பெற்ற தனியார் பந்தய நிறுவனங்கள் இயங்குகின்றன. வயது 19 ஆகியிருக்க வேண்டும். ஸ்கார்பரோவில் இருந்து ப்ளூ ஜேஸ் ஆட்டம் பார்க்கும் தமிழர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு விஷயம் வேறு. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் இணையச் சேவைகளைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 2022-இல் ஒரு தனிச் சட்டம் உண்டு. டெலிகிராமில் 'வெளிநாட்டு ஆப்' என்று வரும் லிங்க்குகளைத் தொடவே வேண்டாம். ஜெயித்தாலும் பணத்தை வெளியே எடுக்க முடியாமல் போனால், புகார் கொடுக்க உங்களுக்கு ஓர் இடம் இருக்காது. கட்ட முடியாத ஊரில் இருப்பவர்கள் இந்த வழிகாட்டியை ஆட்டத்தைக் கூர்ந்து பார்ப்பதற்காகப் படிக்கலாம். கணக்கு அதே கணக்குதான்.

படி 1: விலையைச் சதவீதமாக மாற்றுங்கள்

அமெரிக்க முறையில் விலை -120 என்றோ +105 என்றோ இருக்கும். -120 என்றால் 100 டாலர் லாபம் பார்க்க 120 டாலர் கட்ட வேண்டும். +105 என்றால் 100 கட்டினால் 105 லாபம்.

சதவீதமாக மாற்றுவது எளிது. மைனஸ் விலைக்கு, அந்த எண்ணை அதோடு 100 கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். -120 என்றால் 120 ÷ 220, அதாவது 54.5 சதவீதம். பிளஸ் விலைக்கு, 100-ஐ அந்த எண்ணோடு 100 கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். +105 என்றால் 100 ÷ 205, அதாவது 48.8 சதவீதம். தசம முறையில் விலை காட்டும் ஆப் என்றால் இன்னும் எளிது: 1-ஐ விலையால் வகுத்தால் போதும். 1.91 என்றால் 52.4 சதவீதம்.

இந்தச் சதவீதம்தான் நீங்கள் நஷ்டமில்லாமல் தப்பிக்கக் குறைந்தபட்சம் எத்தனை முறை ஜெயிக்க வேண்டும் என்ற கோடு. -120-க்கு நெர்ஃபி கட்டிக்கொண்டே போகிறவர் நூற்றுக்கு 54 அல்லது 55 முறை ஜெயித்தால்தான் கையைக் கடிக்காது.

படி 2: நிறுவனத்தின் பங்கைக் கழியுங்கள்

ஒரு ஆட்டத்துக்கு நெர்ஃபி -120, யெர்ஃபி -105 என்று போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். முதலாவது 54.5 சதவீதம், இரண்டாவது 51.2 சதவீதம். கூட்டினால் 105.7. ஆனால் நடக்கக்கூடியது இந்த இரண்டில் ஒன்றுதான், கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டக் கூடாது. மேலே நிற்கும் அந்த 5.7-தான் நிறுவனத்தின் பங்கு. 54.5-ஐ 105.7-ஆல் வகுத்தால் 51.6 சதவீதம் வரும். ரன் வராமல் இருக்க 51.6 சதவீத வாய்ப்பு என்பதுதான் அந்த நிறுவனத்தின் உண்மையான கணிப்பு.

இந்தக் கழித்தலைச் செய்யாமல் -120 என்பதைப் பார்த்துவிட்டு 'ரன் வராது என்று இவர்களே நினைக்கிறார்கள்' என்று சொல்வது பெரிய ஏமாற்றம். அவர்கள் நினைப்பது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. மற்றது கட்டணம்.

படி 3: அடிப்படை எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேஜர் லீக்கில் யாரும் பேஸில் இல்லாமல், யாரும் அவுட் ஆகாமல் தொடங்கும் ஓர் அரை இன்னிங்ஸில் ரன் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். முதல் இன்னிங்ஸில் இது இன்னும் கொஞ்சம் கூடும். ஒன்பது இன்னிங்ஸில் சராசரியாக அதிக ரன் வருவது முதல் இன்னிங்ஸில்தான். பிட்சர் புத்துணர்ச்சியோடு இருக்கிறார், பேட்டர்கள் அவரை அன்று முதல் முறையாகப் பார்க்கிறார்கள். அப்படியும் ரன் கூடுகிறது. காரணம், அணியின் பயிற்சியாளர் தான் நினைத்த வரிசையில் சிறந்த பேட்டர்களை இறக்க முடிகிற ஒரே இன்னிங்ஸ் அதுதான். இரண்டாம் இன்னிங்ஸில் பெரும்பாலும் வரிசையின் கீழ்ப்பகுதி ஆட வரும். சராசரி ரன் சட்டென்று இறங்கிவிடும்.

ஆக, ஓர் அரை இன்னிங்ஸ் ரன் இல்லாமல் முடிய எழுபது சதவீதத்துக்குச் சற்று மேல் என்று வைத்தால், இரண்டு பாதியும் அப்படி முடிய 0.72 × 0.72, அதாவது ஏறக்குறைய 52 சதவீதம். நெர்ஃபி கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவது மாதிரிதான். கொஞ்சம் அதன் பக்கம் சாய்ந்திருக்கிறது. எந்த ஆட்டத்துக்கும் இங்கிருந்து தொடங்கிச் சில புள்ளி ஏற்ற வேண்டும், அல்லது இறக்க வேண்டும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. சராசரியாக அரை இன்னிங்ஸுக்கு அரை ரன் வருகிறது என்பதை எடுத்துப் புள்ளியியல் பாடத்தில் படித்த பாய்ஸான் சூத்திரத்தில் போட்டால், ரன் வராமல் இருக்க வெறும் 61 சதவீதம் என்று வரும். மைதானத்தில் நடப்பது அதைவிட வெகு தூரம் மேலே. ஏனென்றால் பேஸ்பாலில் ரன் தனித்தனியாகச் சொட்டுவதில்லை, சேர்ந்து கொட்டுகிறது. பல பூஜ்ஜியம், நடுவில் ஒரு நான்கு. இந்தச் சூத்திரத்தை நம்பினால் எல்லா ஆட்டமும் யெர்ஃபிக்குத் தோதாகத் தெரியும். எக்செல் தெரிந்தவர்கள் அதிகம் விழுவது இங்கேதான்.

படி 4: பிட்சரை எடை போடுங்கள்

வழிகாட்டியின் கனமான பகுதி இது. பொறுமையாகப் பார்ப்போம்.

வெற்றி தோல்விக் கணக்கைப் பார்க்காதீர்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் பால் ஸ்கீன்ஸ் 2025-இல் 10 வெற்றி, 10 தோல்வி. ஆனால் அவருடைய ஈ.ஆர்.ஏ. (ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை சேராமல், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) 1.97, அந்த ஆண்டு நேஷனல் லீக் சை யங் விருதும் அவருக்குத்தான். அவர் அணி ரன் அடிக்கவில்லை என்பதற்கு அவர் என்ன செய்வார்?

அப்புறம், ஈ.ஆர்.ஏ.வும் இந்தப் பந்தயத்துக்குச் சரியான அளவுகோல் இல்லை. இரண்டு பிட்சர்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் சீசனில் 30 ஆட்டம் தொடங்கியிருக்கிறார்கள், இருவரும் முதல் இன்னிங்ஸில் மொத்தம் 10 ரன் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு 3.00 என்று இருவருக்கும் ஒரே எண். முதலாமவர் ஒரு நாள் 5, இன்னொரு நாள் 3, வேறொரு நாள் 2 என்று மூன்றே நாளில் பத்தையும் கொடுத்துவிட்டார். மற்ற 27 முறை பூஜ்ஜியம். இரண்டாமவர் பத்து வெவ்வேறு நாளில் ஒவ்வொரு சோலோ ஹோம் ரன் (பேஸில் யாரும் இல்லாதபோது அடிப்பது, ஒரே ரன்) கொடுத்தார். பூஜ்ஜியம் 20 முறைதான். நெர்ஃபி கட்டுகிறவருக்கு முதலாமவர் 90 சதவீதம், இரண்டாமவர் 67 சதவீதம். ஒரே ஈ.ஆர்.ஏ.வுக்குள் இவ்வளவு தூரம் ஒளிந்திருக்கிறது.

சரி, அப்படியானால் 'முதல் இன்னிங்ஸில் 30-க்கு 27 பூஜ்ஜியம்' என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. 30 இன்னிங்ஸ் என்பது மிகச் சிறிய கணக்கு. சராசரியான ஒரு பிட்சருக்கும் அதிர்ஷ்டம் கூடிவந்தால் ஒரு சீசனில் 25 பூஜ்ஜியம் விழும். அடுத்த சீசனில் 19 ஆகும். ஆட்டத்தின் விளம்பரப் பலகையில் பளிச்சென்று போடும் இந்த எண்ணுக்கு நான் கொடுக்கும் எடை ரொம்பக் குறைவு. மொத்த சீசனிலும் அவர் எப்படி வீசுகிறார் என்பதே அடுத்த முதல் இன்னிங்ஸைப் பற்றி அதிகம் சொல்லும்.

எனவே பார்க்க வேண்டியவை மூன்று. ஸ்ட்ரைக்கவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது) விகிதம்: லீக் சராசரி எதிர்கொள்ளும் பேட்டர்களில் சுமார் 22 சதவீதம். இது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. பந்து மட்டையில் படாவிட்டால் விபத்துக்கே இடமில்லை. வாக் (நான்கு பந்தைத் தவறாக வீசி பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவது) விகிதம்: சராசரி எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல். முதல் இன்னிங்ஸில் வாக் கொடுப்பது மற்ற இன்னிங்ஸைவிட மோசம், ஏனென்றால் அடுத்து வருகிறவர் அணியின் நட்சத்திரம். முதல் பேட்டர் பேஸுக்கு வந்துவிட்டால் ரன் வரும் வாய்ப்பு நாற்பது சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. அவரே அவுட் ஆனால் அது ஆறில் ஒன்று அளவுக்கு இறங்கிவிடும். ஒரே ஒரு பேட்டரின் முடிவுக்கு இவ்வளவு எடை. மூன்றாவது, ஹோம் ரன் கொடுக்கும் பழக்கம். மேலே சொன்ன இரண்டாமவரின் நோய் அதுதான். நிறைய ஸ்ட்ரைக்கவுட் எடுத்தாலும் உயரமான ஃப்ளை பால் அதிகம் கொடுக்கும் பிட்சர், சிறிய மைதானத்தில் நெர்ஃபிக்கு ஆகாது.

இந்த எண்கள் எல்லாம் ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் சவான்ட் தளங்களில் இலவசமாகவே கிடைக்கும். கடைசி இரண்டு மூன்று ஆட்டங்களில் அவருடைய பந்தின் வேகம் வழக்கத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மைல் கணக்கில் இறங்கியிருந்தால் உடம்பில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நான் அந்த ஆட்டத்தை விட்டுவிடுவேன்.

ஓப்பனர் முறை பற்றியும் சொல்ல வேண்டும். 2018 மே 19 அன்று டாம்பா பே ரேஸ் அணி, வழக்கமாகக் கடைசி இன்னிங்ஸ்களில் வீசும் செர்ஜியோ ரோமோவை ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக ஆட்டத்தைத் தொடங்க அனுப்பியது. அவர் வந்தார், மூன்று பேரையும் ஸ்ட்ரைக்கவுட் செய்தார், போய்விட்டார். அடுத்த நாளும் அவரே தொடங்கினார். முதல் இன்னிங்ஸில் எதிரணியின் சிறந்த பேட்டர்கள் வருகிறார்கள் என்றால் அவர்களுக்கென்றே ஒருவரை வைப்போம் என்ற யோசனை அது. நெர்ஃபி கணக்கும் அதே யோசனையில்தான் நிற்கிறது. 'தொடங்குபவர்' என்று போட்டிருக்கும் பெயர் ஓப்பனரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓப்பனர் என்றால் அவருடைய ரிலீவர் (ஆட்டத்தின் இடையில் வந்து வீசுபவர்) கணக்கை எடுக்க வேண்டும். அவருக்குப் பின் வரும் நீண்ட நேரப் பிட்சரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

படி 5: முதல் நான்கு பேட்டர்கள்

முதல் மூன்று பேர் நிச்சயம் ஆடுவார்கள். ரன் வர வேண்டுமென்றால் பெரும்பாலும் நான்காமவரும் ஐந்தாமவரும் வந்தாக வேண்டும். ஆறாவதுக்குக் கீழே இருப்பவர்களைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பேஸுக்கு வரும் விகிதத்தில் இருந்து தொடங்குங்கள். மூன்று பேருக்கும் .310 என்றால், மூவரும் வரிசையாக அவுட் ஆகும் வாய்ப்பு 0.69-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 33 சதவீதம். மூன்று பேரும் .350 என்றால் அது 27 சதவீதமாக இறங்கும். பார்க்கச் சிறிய வித்தியாசமாகத் தெரியும். பாதிக்குப் பாதியாக நிற்கும் பந்தயத்தில் ஐந்தாறு புள்ளி என்பது பெரிய விஷயம்.

பிட்சர் எந்தக் கை என்பதும் முக்கியம். பொதுவாக இடது கை பேட்டருக்கு வலது கை பிட்சர் தோது. வலது கை பேட்டருக்கு இடது கை பிட்சர் தோது. அணியின் மொத்த சராசரியைப் பார்க்காமல், இந்த நான்கு பேர் இன்றைக்கு வீசும் கைக்கு எதிராக எப்படி என்று பாருங்கள். முதலிடத்தில் ஷோஹெய் ஓட்டானி மாதிரி ஒருவர் நின்றால், பேஸில் யாருமே தேவையில்லை, முதல் பந்திலேயே முடித்துவிடுவார். அந்தக் காலத்தில் ரிக்கி ஹெண்டர்சன் அப்படி இருந்தார். ஆட்டத்தின் முதல் பேட்டராக வந்து 81 ஹோம் ரன் அடித்த அவர் சாதனை இன்னும் நிற்கிறது. அவர் பேஸுக்கு வந்துவிட்டாலும் ஆபத்துதான், அடுத்த பேஸைத் திருடிவிடுவார், அதாவது பேட்டர் அடிக்கும் வரை காத்திருக்காமல் ஓடிப் பிடித்துவிடுவார். 2023 முதல் பேஸ்களின் அளவு 15 அங்குலத்தில் இருந்து 18 ஆனதும், பிட்சர் ரன்னரை மிரட்டத் திரும்புவதற்கு வரம்பு வந்ததும் திருட்டை மறுபடி லாபகரமாக்கிவிட்டன. வேகமான முதல் பேட்டருக்கு இன்று கூடுதல் மதிப்பு உண்டு.

வரிசை வெளியாகும் வரை கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் அது வரும். முந்தின இரவு ஆட்டம் ஆடிவிட்டு மறுநாள் பகலில் ஆட்டம் என்றால், ஒரு நட்சத்திரத்துக்கு ஓய்வு கொடுத்திருப்பார்கள். அவர் இருக்கிறார் என்று நினைத்துக் காலையிலேயே யெர்ஃபி கட்டியவர் பாவம்.

'இந்த அணி கடைசிப் பத்து ஆட்டத்தில் எட்டு நெர்ஃபி' என்ற வகைச் செய்திகளை முழுக்க ஒதுக்குங்கள். அந்தப் பத்து ஆட்டத்தில் வீசியவர்கள் இன்று வீசவில்லை. அணிகள் ஐந்து பிட்சர்களைச் சுழற்சியில் வைத்திருக்கின்றன, எதிரணியும் மாறிவிட்டது. அந்த எண் இன்றைய ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

படி 6: மைதானம், காற்று, நடுவர்

டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லியது, அடித்த பந்து தூரம் போகும், வளைய வேண்டிய பந்து சரியாக வளையாது. பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைக்கும் வழக்கத்தை அங்கே 2002-இலேயே தொடங்கினார்கள். அப்படியும் பிட்சர்களுக்கு அது கொடுமையான மைதானம்தான். சின்சினாட்டியும் ஹோம் ரன்னுக்குத் தோது. சியாட்டில், சான் டியாகோ மைதானங்கள் பிட்சர் பக்கம்.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் மட்டும் மைதானத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. மிச்சிகன் ஏரிப் பக்கம் இருந்து காற்று உள்ளே அடித்தால் அது ஒரு மைதானம், வெளியே அடித்தால் அது முற்றிலும் வேறு மைதானம். ஏப்ரல் மாதக் குளிர் இரவில் பந்து பறக்காது, ஜூலை வெயிலில் பறக்கும். கூரை மூடிய மைதானத்தில் இந்தத் தலைவலி இல்லை.

பேட்டருக்குப் பின்னால் நிற்கும் ஹோம் பிளேட் நடுவரின் ஸ்ட்ரைக் வட்டாரம் (ஸ்ட்ரைக் என்று அவர் ஏற்கும் பரப்பு) பெரிதா சிறிதா என்று பார்ப்பவர்கள் உண்டு. ஒரு இன்னிங்ஸுக்கு அதன் தாக்கம் சிறியது. 2026 சீசன் முதல் நடுவர் சொன்னதை அணிக்கு இரண்டு முறையீடுகளோடு சரிபார்க்கும் தானியங்கி முறை வருவதால், இன்னும் சிறிதாகும். நான் பார்ப்பதில்லை.

படி 7: எல்லாவற்றையும் சேர்த்து ஓர் எண்

ஓர் உதாரணம். உள்ளூர் பிட்சர் ஸ்ட்ரைக்கவுட்டில் கெட்டிக்காரர், வாக் குறைவு. எதிரே சுமாரான முதல் நான்கு பேர். அடிப்படையான 72-இல் இருந்து ஏற்றி, மேல்பாதி ரன் இல்லாமல் முடிய 76 சதவீதம் என்று வைக்கிறோம். வெளியூர் பிட்சர் சராசரி; எதிரே நல்ல பேட்டர்கள். கீழ்ப்பாதிக்கு 70 சதவீதம். மைதானம் நடுத்தரம், காற்று இல்லை. 0.76 × 0.70 = 53.2 சதவீதம்.

இப்போது படி 2-இல் பார்த்த அதே விலையை வையுங்கள். கட்டணம் கழித்த சந்தைக் கணிப்பு 51.6. நம் கணிப்பு 53.2. சந்தையைவிட நாம் நெர்ஃபியை அதிகம் நம்புகிறோம். நம் கணிப்பே சரி என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியும் -120-க்குக் கட்டினால் நஷ்டம், ஏனென்றால் தாண்ட வேண்டிய கோடு 54.5. யெர்ஃபி பக்கம் பார்த்தால் நம் கணிப்பு 46.8, கோடு 51.2. அதுவும் இல்லை. ஆக, இந்த ஆட்டம் யாருக்கும் பந்தயம் இல்லை. பெரும்பாலான ஆட்டங்கள் இப்படித்தான் முடியும். 15 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தேறாத நாள்களே அதிகம். அப்படித் தேறாமல் போவது கணக்குச் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

இன்னொரு நிறுவனம் அதே நெர்ஃபியை -110-க்குக் கொடுக்கிறது என்றால்? கோடு 52.4. இப்போது நூறு டாலருக்குச் சராசரியாக ஒன்றரை டாலர் நம் பக்கம். ஆனால் 76 என்று நாம் வைத்தது உண்மையில் 74 ஆக இருந்தால் அந்த லாபம் காணாமல் போகும். ஆகவே குறைந்தது மூன்று புள்ளி இடைவெளி இல்லாமல் நான் கட்டச் சொல்ல மாட்டேன். சட்டபூர்வமான இரண்டு மூன்று நிறுவனங்களில் விலையை ஒப்பிடுவது, பிட்சரை ஆராய்வதைவிட அதிகப் பலன் தரும் வேலை.

உங்கள் எண்ணுக்கு ஒரு காவல்காரன் வேண்டும் என்றால், மொத்த ரன் பந்தயத்தின் கோட்டை (ஆட்டம் முழுவதும் இரண்டு அணியும் சேர்ந்து எடுக்கும் ரன்னுக்கு நிறுவனம் வைக்கும் எண்ணை) பாருங்கள். 7 என்று இருந்தால் சந்தை பிட்சர்களை நம்புகிறது, 9.5-க்கு மேல் என்றால் பேட்டர்களை நம்புகிறது. மொத்தம் 9.5 இருக்கும் ஆட்டத்துக்கு உங்கள் நெர்ஃபி கணிப்பு 60 என்று வந்தால், எங்கோ பெருக்கலில் பிசகியிருக்கிறது.

படி 8: எவ்வளவு கட்டுவது

இதற்கென்று ஒதுக்கிய, போனாலும் வீட்டுச் செலவு பாதிக்காத தொகையில் ஒரு பந்தயத்துக்கு ஒரு சதவீதம். ஒவ்வொரு முறையும் அதே அளவு.

தோற்றால் அடுத்ததில் இரட்டிப்பாகக் கட்டும் முறை நெர்ஃபி கட்டுகிறவர்களிடம் பரவலாக இருக்கிறது. ஆட்டங்கள் வரிசையாக வருவதால் கை தானாகப் போகிறது. 10 டாலரில் தொடங்கி ஆறு முறை தொடர்ந்து தோற்றால் 630 டாலர் போயிருக்கும். ஏழாவதுக்கு 640 கட்ட வேண்டும், அதுவும் 10 டாலரைச் சம்பாதிக்க. பாதிக்குப் பாதியான பந்தயத்தை நூறு முறை கட்டினால், எங்கோ ஓர் இடத்தில் ஆறு தொடர் தோல்வி வருவதற்கு ஐம்பது சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. வெகு சீக்கிரம் வரும் விபத்து அது.

பல ஆட்டங்களைக் கோத்து ஒரே பந்தயமாகக் கட்டும் பார்லேயும் வேண்டாம். மேலே சொன்ன 51.6 சதவீத வாய்ப்பை -120-க்குத் தனியாகக் கட்டினால் சராசரி நஷ்டம் நூறுக்கு ஐந்தரை டாலர். மூன்றைக் கோத்தால் அது பதினைந்து டாலர். நிறுவனத்தின் பங்கும் கூடவே பெருகுகிறது. ஆப் திறந்தவுடன் பார்லேயை முதலில் காட்டுவதற்குக் காரணம் வேறென்ன?

உரிமம் பெற்ற ஆப்களில் வார வரம்பு, நேர வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. முதல் நாளே, ஒரு பந்தயம் கட்டுவதற்கு முன்பே அதை வைத்துவிடுங்கள். இழந்ததைப் பிடிக்க மேற்குக் கரை ஆட்டங்களுக்காக நள்ளிரவு வரை விழித்திருக்கும் நிலை வந்தால், அன்றே கணக்கை முடக்கிவிட்டுப் பேசுங்கள். ஒன்டாரியோவில் கனெக்ஸ்ஒன்டாரியோ உதவி எண் 1-866-531-2600, நாள் முழுதும் இலவசம். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். நம் குடும்பங்களில் இது வெளியே தெரிவதற்குள் வீட்டுக் கடன் வரை போய்விடுகிறது.

படி 9: விதிகளையும் கொஞ்சம்

அறிவித்த பிட்சர் கடைசி நேரத்தில் மாறினால் பந்தயம் ரத்தா, தொடருமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முதல் இன்னிங்ஸின் நடுவில் மழை வந்தால் என்ன என்பதும் அப்படியே. கட்டும் முன் படியுங்கள்.

முதல் இன்னிங்ஸுக்கும் சூதாட்டத்துக்கும் பழைய கசப்பான உறவு ஒன்று உண்டு. 1919 அக்டோபர் 1, வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம், சின்சினாட்டி. சிகாகோ வைட் சாக்ஸ் பிட்சர் எடி சிகாட், தன் இரண்டாவது பந்தில் முதல் பேட்டர் மோரி ராத்தின் முதுகில் அடித்தார். தொடரைத் தோற்க ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று சூதாடிகளுக்குக் காட்டிய சைகை அது. அந்த ராத்தே சுற்றி வந்து முதல் இன்னிங்ஸில் ரன் எடுத்தார். வைட் சாக்ஸ் வீரர்கள் எட்டுப் பேருக்கு 1921-இல் வாழ்நாள் தடை. நூறாண்டு கழித்து 2025 நவம்பரில், க்ளீவ்லாந்து அணியின் இரண்டு பிட்சர்கள் மீது, சூதாடிகளுக்குச் சொல்லிவைத்துப் பந்து வீசியதாக அமெரிக்க அரசுத் தரப்பு குற்றம் சாட்டியது. அடுத்த நாளே மேஜர் லீக்கும் நிறுவனங்களும் சேர்ந்து, ஒற்றைப் பந்தின் மீதான பந்தயங்களுக்கு 200 டாலர் உச்சவரம்பு வைத்தன. அவற்றைப் பார்லேயில் கோக்கவும் முடியாது. நெர்ஃபி முழு இன்னிங்ஸைப் பற்றியது என்பதால் இந்த வரம்பு அதற்கு இல்லை. ஆனாலும் ஒருவர் கையில் அதிகம் தங்கியிருக்கும் பந்தயம் எவ்வளவு பலவீனமானது என்பதை மனதில் வைக்க வேண்டியிருக்கிறது.

படி 10: எழுதி வையுங்கள்

ஒரு தாளோ எக்செலோ போதும். தேதி, ஆட்டம், மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நீங்கள் வைத்த இரண்டு எண்கள், கட்டிய விலை, ஆட்டம் தொடங்கும்போது இருந்த கடைசி விலை, முடிவு. கட்டாமல் விட்ட ஆட்டங்களுக்கும் கணிப்பை எழுதுங்கள். அவற்றில்தான் காசு செலவில்லாமல் கற்க முடியும்.

இருநூறு பந்தயம் முடிந்து 55 சதவீதம் ஜெயித்திருந்தாலும், அது திறமையா அதிர்ஷ்டமா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இருநூறில் மூன்றரைப் புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாதாரணமாகவே ஆடும். அதைவிட வேகமாகப் பதில் சொல்வது கடைசி விலை. நீங்கள் -110-க்குக் கட்டியது ஆட்டம் தொடங்கும்போது -125 ஆகியிருந்தால், உங்களுக்குப் பிறகு வந்தவர்களும் அதே பக்கம்தான் வந்திருக்கிறார்கள். தோற்ற பந்தயமாக இருந்தாலும் அதற்கு ஒரு டிக் போடுங்கள். ஜெயித்த பந்தயத்தில் விலை -110-இல் இருந்து +100 ஆகியிருந்தால் ஒரு கேள்விக்குறி. மாதக் கடைசியில் டிக்கையும் கேள்விக்குறியையும் எண்ணுங்கள். கேள்விக்குறி அதிகம் என்றால் அடுத்த மாதம் பணம் இல்லாமல் கணிப்பை மட்டும் எழுதி வாருங்கள்.